கரடிக்கும் குரங்கிற்கும் திறக்காத மூடி

கேள்வி இது: கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. வாசலுக்கு வெளியே மூடியுள்ள பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி வைத்திருக்கிறார்கள். பகலில் நாட்டுக்குரங்குகள் அதைத் திறக்கின்றன. மூடியின் மேல் கல் வைத்தால் தள்ளிவிடுகின்றன, கயிறு கட்டினால் அவிழ்த்துவிடுகின்றன. இப்போது இரவில் கரடியும் வரத் தொடங்கித் தொட்டியையே உருட்டிவிடுகிறது. எந்தப் பூட்டு வாங்கினால் தாங்கும், மூடியை எப்படிச் செய்யச் சொல்வது?

பூட்டைக் கடைசியில் பார்ப்போம். குப்பைத்தொட்டி உடைபடுவது பெரும்பாலும் பூட்டில் அல்ல, மூடியின் விளிம்பில். விரல் நுழையவோ நகம் மாட்டவோ ஓர் இடுக்கு கிடைத்துவிட்டால், அங்கிருந்து தகடு வளையும். வளைந்த தகட்டை எந்தப் பூட்டும் காப்பாற்றாது. ஆகவே முதல் வேலை, பிடித்து இழுக்க ஒரு விளிம்பே இல்லாத மூடி. இரண்டாவது, உருளாத தொட்டி. மூன்றாவதாகத்தான் தாழ்ப்பாள் வரும்.

உங்களுக்கு வரும் இரண்டு விருந்தாளிகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவர்கள் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். நாட்டுக்குரங்கின் ஆண் ஏறக்குறைய 6 முதல் 9 கிலோ இருக்கும், பெண் அதில் பாதிதான். பலம் குறைவு, ஆனால் விரல்கள் நம்முடையவை போலவே வேலை செய்யும். கொக்கியை நீக்கும், முடிச்சை அவிழ்க்கும், திருகு மூடியைத் திருகும். கரடிக்கு அந்த விரல் நுணுக்கம் கிடையாது. ஆனால் வளர்ந்த ஆண் கரடி 80 முதல் 145 கிலோ வரை இருக்கும். முன்னங்கால் நகங்கள் 6 முதல் 8 செ.மீ. நீளம். கல்லாக இறுகிய கறையான் புற்றை உடைத்துத் தின்பதற்காகவே அமைந்த நகங்கள் அவை. நகத்தை இடுக்கில் மாட்டித் தன்னை நோக்கி இழுப்பதுதான் அது நாள்தோறும் செய்யும் வேலை. குரங்கிற்காகச் செய்த தாழ்ப்பாளைக் கரடி பிய்த்துவிடும். கரடிக்காகக் கனமாகச் செய்த சாதாரணக் கொண்டியைக் குரங்கு பொறுமையாக நீக்கிவிடும். இரண்டையும் ஒரே மூடி சமாளிக்க வேண்டும்.

உலகில் இதற்கு முன்பே அடிபட்டுக் கற்றவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு காலத்தில் விடுதிக் குப்பையைக் கரடிகள் தின்பதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகளுக்கு இருக்கைகள்கூடப் போட்டிருந்தார்கள். மனித உணவுக்குப் பழகிய கரடிகளால் நேர்ந்த விபரீதங்களுக்குப் பிறகு, 1970ஐ ஒட்டித்தான் அங்கிருந்த கடைசிக் குப்பைமேடுகள் மூடப்பட்டன. இன்று அந்தப் பூங்காவை ஒட்டியுள்ள வெஸ்ட் எல்லோஸ்டோன் ஊரில், காட்டில் விட முடியாத கரடிகளை வைத்துப் பராமரிக்கும் காப்பகம் ஒன்று இருக்கிறது. குப்பைத்தொட்டி செய்பவர்கள் தங்கள் தொட்டியை அங்கே அனுப்புகிறார்கள். உள்ளே உணவை வைத்துக் கரடிகளிடம் கொடுத்துவிடுவார்கள். கரடிகள் அதை மொத்தம் 60 நிமிடம் புரட்டியும் கடித்தும் பார்த்தபின் திறக்காமல் இருந்தால்தான் சான்றிதழ். அந்தச் சோதனையில் தேறும் இரும்புத் தொட்டிகளில் பரவலாகக் காணப்படும் அமைப்பு ஒன்று உண்டு: கைப்பிடி வெளியே தெரியாது, ஒரு கூட்டுக்குள் கையை நுழைத்து அழுத்த வேண்டும்.

கனடாவின் டொரண்டோ நகரம், குப்பையைக் கிளறும் ரக்கூன் என்னும் சிறு விலங்குகளுடன் போராடி, 2016இல் சமையலறைக் கழிவுக்கான புதிய பச்சைத் தொட்டிகளைக் கொடுக்கத் தொடங்கியது. மூடியில் திருகு கைப்பிடி உண்டு. ஆனால் குப்பை வண்டியின் இயந்திரக் கை தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்க்கும்போது, புவியீர்ப்பில் அந்தப் பூட்டு தானாகவே விடுபட்டுவிடும். அதாவது குப்பை எடுப்பவருக்குக் கூடுதல் வேலை எதுவும் இல்லை. இந்த ஒரு விஷயத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். தூய்மைப் பணியாளருக்குத் தொல்லை தரும் பூட்டு விரைவிலேயே பூட்டப்படாமல் கிடக்கும். அதற்கு அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

சிட்னியில் மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ கிளிகள் தொட்டி மூடியை அலகால் தூக்கித் திறக்கின்றன. 2018க்கு முன் மூன்று புறநகர்ப் பகுதிகளில் மட்டும் இருந்த இந்தப் பழக்கம் 2019 முடிவதற்குள் 44 பகுதிகளில் பதிவானது என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டிருக்கின்றன. மக்கள் மூடியின் மேல் செங்கல் வைத்தார்கள். செங்கல்லைத் தள்ளிவிடவும் கிளிகள் பழகின. குரங்குக் கூட்டமும் அப்படித்தான். ஒரு குரங்கு வழி கண்டுபிடித்துவிட்டால் கூட்டத்துக்கே அது தெரிந்துவிடும். ஆகவே இன்று ஒரு கொக்கி, அடுத்த மாதம் இரண்டு கொக்கி என்று படிப்படியாகப் பாதுகாப்பைக் கூட்டாதீர்கள். அது அவற்றுக்குப் பாடம் நடத்துவதாகிவிடும். ஒரே தடவையில் முழுமையாகச் செய்துவிடுங்கள்.

இனி உங்கள் தொட்டி. பிளாஸ்டிக் தொட்டிக்கு நல்ல மூடி செய்வது இந்த இடத்தில் வீண். வாயகன்ற நீல நிற 200 லிட்டர் டிரம்முக்கு இரும்பு வளையம் போட்டு நெம்புகோலால் இறுக்கும் மூடி கிடைக்கிறது. குரங்கு மட்டும் வரும் ஊரில், நெம்புகோலின் துளையில் ஒரு பின் மாட்டினால் அது போதும், மலிவும்கூட. கரடி வரும் இடத்தில் போதாது. உடலையும் மூடியையும் சேர்த்து 2 மி.மீ. இரும்புத் தகட்டில் வெல்டிங் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள். கீழே 60க்கு 60 செ.மீ. சதுரம், முன்பக்க உயரம் 80 செ.மீ., பின்பக்கம் 95 செ.மீ. அப்போது மூடி முன்பக்கமாகச் சரிந்து நிற்கும். மழை வழிந்துவிடும், மூடியின் மேல் குப்பைப் பையை வைத்துவிட்டுப் போகும் வழக்கமும் நிற்கும். வெளியே வைத்த அந்த ஒரு பைதான் பல இடங்களில் கரடிக்கு முதல் அழைப்பு.

தகட்டின் கனத்தைக் கூட்டினால் பலம் கூடும் என்று பட்டறையில் 3 மி.மீ. போடச் சொல்வார்கள். தேவையில்லை. மூடி வளைவதைத் தடுப்பது தகட்டின் கனத்தைவிட அதன் மடிப்பும் அடியில் போடும் ஆங்கிளும்தான் (L வடிவ இரும்புச் சட்டம்). 2 மி.மீ. தகட்டின் நான்கு ஓரங்களையும் கீழ்நோக்கி மடித்து, அடிப்பக்கத்தில் 25 மி.மீ. ஆங்கிளைக் குறுக்கே இரண்டு வரிசை வெல்டு செய்தால், மடிப்பில்லாத 3 மி.மீ. தகட்டைவிட அது பல மடங்கு விறைப்பாக இருக்கும். எடையும் கைக்கு அடங்கும். 60 செ.மீ. சதுரத்துக்கு 2 மி.மீ. தகடு ஏறக்குறைய ஐந்தே முக்கால் கிலோ. மடிப்பு, ஆங்கிள், தாழ்ப்பாள் எல்லாம் சேர்ந்தால் பத்து கிலோ வரும். பின்பக்கம் கீலில் நிற்பதால், முன் ஓரத்தைத் தூக்குபவரின் கையில் பாதி எடைதான் விழும். ஐந்து கிலோவை வீட்டிலுள்ள பெரியவர்களும் தூக்கலாம். குரங்கிற்கு அது தன் உடல் எடையில் பாதிக்கும் மேல்.

விளிம்புக்கு வருவோம். இதில்தான் உங்கள் பட்டறைக்காரரிடம் உட்கார்ந்து படம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். வழக்கமான தொட்டி மூடியின் ஓரம் தொட்டிக்கு வெளியே இறங்கி நிற்கும். மழைக்கு நல்லது, ஆனால் அந்த ஓரத்தின் கீழே விரலை விட்டால் மூடி கையோடு வரும். மூடியைத் தொட்டிக்குள் அமிழ்த்திவிட்டால் பிடிக்க ஓரம் இருக்காது, ஆனால் மழை உள்ளே போகும். நீலகிரியில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டுக்கும் நடுவே பனிமூட்டம். தொட்டிக்குள் தண்ணீர் தேங்கினால் நாற்றம் இரட்டிப்பாகும்.

இரண்டையும் தீர்க்கும் வழி, மூடியின் மடிப்பை இரண்டு சுவர்களுக்கு நடுவே இறக்குவது. தொட்டியின் சுவர் உள்ளே நிற்கட்டும். அதற்கு வெளியே, முன்பக்கமும் இரு பக்கவாட்டிலும், தொட்டியைச் சுற்றி ஒரு சின்னக் கால்வாய் வெல்டு செய்ய வேண்டும். கால்வாயின் உள்ளகலம் 12 மி.மீ., வெளிச்சுவரின் உயரம் 30 மி.மீ. தொட்டிச் சுவர் கால்வாயின் தரையிலிருந்து 45 மி.மீ. உயர்ந்து நிற்கும், அதன் தலையில் 5 மி.மீ. ரப்பர் பீடிங். மூடியின் மடிப்பு 40 மி.மீ. நீளம். மூடி உட்கார்ந்ததும் மடிப்பு கால்வாய்க்குள் இறங்கி, தரைக்கு 10 மி.மீ. மேலே நிற்கும். உள்ளே 5 மி.மீ., வெளியே 5 மி.மீ. இடைவெளி. கால்வாயின் வெளிச்சுவர் மடிப்பின் கீழ்ப் பாதியை மறைத்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்க்கும் விலங்குக்குக் கிடைப்பது 5 மி.மீ. பிளவு மட்டும். அதில் நகத்தின் நுனி நுழைந்தாலும் 20 மி.மீ. கீழே இறங்கி உட்புறமாகத் திரும்பினால்தான் மடிப்பின் அடியில் மாட்ட முடியும். அந்த அகலத்தில் திரும்ப இடமில்லை.

"கால்வாய்க்குள் இறங்கிய மடிப்பு, மூடியைத் திறக்கும்போது சுவரில் முட்டாதா?" என்று பட்டறையில் கேட்பார்கள். சரியான கேள்வி. கீலின் அச்சும் மடிப்பின் கீழ்விளிம்பும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரும்படி இருந்தால், முன் மடிப்பு முதல் 40 மி.மீ. உயரும்போது பின்னோக்கி நகர்வது ஒன்றரை மி.மீ.க்கும் குறைவு. நாம் விட்டிருப்பது 5 மி.மீ. ஆகவே முட்டாது. இங்கே மட்டம் என்பது சரிந்த மூடிக்கு இணையான மட்டம் என்பதைச் சொல்லிவிடுங்கள். மூடி சரிந்திருப்பதால் கால்வாயில் விழும் மழை முன்பக்கம் ஓடிவரும். முன்கால்வாயின் தரையில் 15 செ.மீ.க்கு ஒன்றாக 8 மி.மீ. துளைகள் போட்டால் வடிந்துவிடும். தேயிலைத் தோட்டம் என்றால் சில்வர் ஓக் சருகு விழும். மழைக்காலத்தில் அந்தக் கால்வாயை ஒரு குச்சியால் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். இந்த அமைப்பில் நீங்கள் செய்ய வேண்டிய பராமரிப்பு என்றால் முதன்மையாக இதுதான்.

பின்பக்கக் கீலுக்குக் கடையில் விற்கும் கதவுக் கீல் வேண்டாம். குழாயை 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒன்று தொட்டியில் ஒன்று மூடியில் என மாறி மாறி வெல்டு செய்து, நடுவே 12 மி.மீ. கம்பியைச் செருகி, இரு முனைகளிலும் ஒரு சொட்டு வெல்டு வைத்துவிடுங்கள். நீளம் முழுக்கக் கீலாகிவிடுவதால் பின்பக்கம் பிடிமானமே இருக்காது. கம்பியை உருவவும் முடியாது.

இப்போது தாழ்ப்பாள். நடுவில் ஒரே தாழ்ப்பாள் போட்டால் இரண்டு மூலைகளும் அநாதையாக நிற்கும். கரடி மூலையைத்தான் பிடிக்கும், அங்கேதான் தகடு எளிதில் முறுக்கிக்கொள்ளும். ஸ்டீல் பீரோவின் கைப்பிடியைத் திருப்பினால் கதவுக்குள் இருக்கும் கம்பிகள் மேலும் கீழும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே படுக்கை வசத்தில் போடுங்கள். மூடியின் அடியில், முன் ஓரத்தை ஒட்டி, நடுவில் ஒரு சின்ன நெம்புகோல். அதிலிருந்து வலமும் இடமும் இரண்டு 12 மி.மீ. கம்பிகள். அவை பக்கச் சுவர்களின் உட்புறம் வெல்டு செய்த 6 மி.மீ. பட்டைகளுக்கு அடியில் 20 மி.மீ. நுழைந்து நிற்கும். ஒரு ஸ்பிரிங் கம்பிகளை எப்போதும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். கம்பி முனைகளின் கீழ்ப்பக்கத்தை 45 பாகைக்குச் சாய்வாகத் தேய்த்துவிட்டால், மூடியை விட்டவுடன் முனைகள் பட்டையில் வழுக்கி உள்ளே போய்த் தாமாகவே மாட்டிக்கொள்ளும். யாரும் பூட்ட வேண்டியதில்லை. நினைவு வைத்துப் பூட்ட வேண்டிய எந்தத் தாழ்ப்பாளும் ஒரு நாள் மறந்துபோகும். கரடிக்கு அந்த ஒரு நாள் போதும்.

12 மி.மீ. சாதாரண இரும்புக் கம்பி (மைல்டு ஸ்டீல்) ஒன்றைக் குறுக்காக அறுக்க ஒன்றரை டன்னுக்கும் மேல் விசை வேண்டும். இரண்டு கம்பிகள் இருக்கின்றன. கரடியால் ஆகாது. இதற்கு மேல் விலையுயர்ந்த பூட்டுக்குச் செலவழிப்பதில் பயனில்லை. அந்தப் பணத்தை வெல்டிங்கின் தரத்துக்குக் கொடுங்கள். பட்டைகளைப் புள்ளிப் புள்ளியாக ஒட்டாமல் நீளமாக வெல்டு செய்யச் சொல்லுங்கள்.

நெம்புகோலை மனிதக் கை மட்டும் இயக்குவது எப்படி? மூடியின் மேல் முன் ஓரத்தை ஒட்டி ஓர் இரும்புக் கூடு வெல்டு செய்ய வேண்டும். அகலம் 14 செ.மீ., ஆழம் 15 செ.மீ., உயரம் 7 செ.மீ. அதன் வாய் திறப்பவரைப் பார்த்து இருக்கும்: 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம். சரிவின் கீழ்ப்பக்கம் பார்ப்பதால் மழை உள்ளே இறங்காது. உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நுழைத்தால், விரல் நுனிகள் 11 செ.மீ.க்கு அப்பால் தொங்கும் ஒரு தகட்டைத் தொடும். அதை அப்பால் தள்ளினால் கம்பிகள் உள்ளே இழுபடும். அப்படியே கையை உயர்த்தினால் கூட்டின் கூரை கையில் தட்டி மூடி மேலே வரும். ஒரே கை, ஒரே அசைவு. இன்னொரு கையில் குப்பைக் கூடை இருக்கலாம்.

ஏன் 11 செ.மீ.? நகம் 8 செ.மீ. வரை நீளும், கரடியின் பாதம் அந்த வாயில் நுழையாது. ஏன் அப்பால் தள்ளும்படி? நகம் எட்டிவிட்டாலும் கரடி செய்வது தன் பக்கம் இழுப்பது, அதனால் தாழ்ப்பாள் இன்னும் இறுகும்படி இருக்க வேண்டும். குரங்கின் கை உள்ளே நுழையும், தகட்டையும் தொடும். அதை நிறுத்துவது ஸ்பிரிங்கும் மூடியின் எடையும். தகட்டைத் தள்ள மூன்று கிலோ அளவு விசை வேண்டும் என்று ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுங்கள். அந்த விசையை விடாமல் தள்ளிக்கொண்டே ஐந்து கிலோவை மேலே தூக்கவும் வேண்டும். குரங்கு தொட்டியை நோண்டும்போது பெரும்பாலும் மூடியின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். அதன் எடையே மூடியை அழுத்திவிடும். தரையில் நின்றால் 80 செ.மீ. உயரத்தில் கையை மேலே நீட்டி இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யப் பிடிமானம் இருக்காது. தள்ளுவது தனி, தூக்குவது தனி என்று இரண்டு படிகளாகப் பிரிந்திருந்தால் குரங்கு கற்றுக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதுதான் இங்கே காப்பு. இன்னும் அச்சம் இருந்தால், ஊருக்குப் போகும் நாட்களில் மட்டும் போட ஒரு சின்னப் பூட்டுக்கு நாதாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூடி முழுவதும் பின்னால் சாய்ந்து திறந்தபடி நிற்க விடாதீர்கள். உட்புறம் ஒரு சங்கிலி போட்டு, செங்குத்து நிலைக்குப் பதினைந்து பாகை முன்பே நிறுத்திவிடுங்கள். கையை எடுத்தவுடன் தானாக விழும். கார் டிக்கியில் இருப்பது போன்ற கேஸ் ஸ்பிரிங் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அது மூடியைத் திறந்தே வைத்திருக்கும் என்பதால் வேண்டாம்.

குப்பையை எடுப்பது எப்படி என்பதை யோசிக்காமல் செய்த தொட்டிகளைப் பல இடங்களில் பார்க்கலாம். நிரம்பிய உள்வாளியை 80 செ.மீ. உயரச் சுவருக்கு மேலே தூக்கி எடுப்பது தூய்மைப் பணியாளரின் முதுகை உடைக்கும் வேலை. அதனால் முன்பக்கத்தில், கால்வாய்க்குக் கீழே, ஒரு கதவு வைத்துவிடுங்கள். அதன் தாழ்ப்பாள் தொட்டிக்கு உள்ளே இருக்கட்டும். மூடியைத் திறந்து கையை விட்டால்தான் அது எட்டும். வெளியே இருந்து பார்த்தால் கதவில் பிடிப்பதற்கு எதுவும் தெரியாது. கதவு சட்டத்துக்குள் சமமாக அமர வேண்டும், இடைவெளி 4 மி.மீ.; அந்த இடைவெளிக்குப் பின்னால் சுற்றிலும் 25 மி.மீ. பட்டை ஒன்று வெல்டு செய்து அடைத்துவிட வேண்டும். மூடித் தாழ்ப்பாளைப் போலவே தள்ளினால் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி செய்யுங்கள். உள்ளே மக்கும் குப்பைக்கு ஒன்று, மக்காத குப்பைக்கு ஒன்று என இரண்டு பிளாஸ்டிக் வாளிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். கழிவுநீர் இரும்பில் படாமல் இருக்கவும் இந்த வாளிகள் உதவும், ஏனெனில் அழுகும் காய்கறிச் சாறு அமிலத்தன்மை உள்ளது, தகட்டை அது விரைவில் தின்னும்.

அடுத்தது உருளாமல் நிற்பது. மூடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் தொட்டி கவிழ்ந்து சரிவில் உருண்டால் ஏதோ ஒரு மூலை அடிபட்டுத் திறந்துவிடும். மலைச்சரிவில் இருக்கும் உங்கள் வீட்டில் இது இன்னும் முக்கியம். கணக்கு எளிது. மேலே சொன்ன அளவில் தொட்டி, மூடி, ஆங்கிள் எல்லாம் சேர்ந்து 60 கிலோ அளவில் வரும். கரடி எழுந்து நின்று 80 செ.மீ. உயரத்தில் 60 கிலோ விசையோடு தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். தொட்டியைக் கவிழ்க்கும் திருப்பம், 60 கிலோவை 0.8 மீட்டரால் பெருக்கினால் வரும் 48. வெறும் தொட்டி எதிர்த்து நிற்பது 60 கிலோவை அரை அகலமான 0.3 மீட்டரால் பெருக்கினால் வரும் 18 மட்டும்தான். ஒரே தள்ளில் விழும். அதே தொட்டியை 90க்கு 90 செ.மீ., 10 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் மேடையில் நான்கு 12 மி.மீ. ஆங்கர் போல்ட்டுகளால் பிணைத்தால், மேடையின் எடை 190 கிலோவுக்கு மேல். எதிர்த்து நிற்பது 110ஐத் தாண்டும். இரண்டு மடங்குக்கு மேல் பாதுகாப்பு. போல்ட்டின் நட்டுகள் தொட்டிக்கு உள்ளே இருக்க வேண்டும். காட்டுப்பன்றி மூக்கை விட்டு நெம்பாதபடி தொட்டியின் அடி மேடையோடு ஒட்டி இருக்கட்டும். கழுவிய நீர் வடிய ஒரு மூலையில் வலை போட்ட துளை ஒன்று போதும்.

காட்டெருமைக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. வளர்ந்த ஆண் ஒரு டன் வரை இருக்கும். அது தொட்டியைத் திறக்க வருவதில்லை, ஆனால் அதன் நடைபாதையில் தொட்டி நின்றால் இடித்துத் தள்ளிவிட்டுப் போகும். அவை வழக்கமாகக் கடந்து போகும் இடம் உங்களுக்கே தெரியும். அதிலிருந்து விலக்கி, வீட்டுச் சுவரை ஒட்டி, விளக்கு வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். காலையில் கதவைத் திறந்து குப்பை போட வருபவர் தொட்டிக்கு அருகில் ஏதாவது நிற்கிறதா என்று வாசலிலிருந்தே பார்க்க முடிய வேண்டும். மலை ஊர்களில் கரடி திடீரென எதிர்ப்படுவதால்தான் தோட்டத் தொழிலாளர்கள் காயப்படுகிறார்கள்; தொட்டியை மறைவான மூலையில் வைப்பது அந்தச் சூழலை நாமே உருவாக்குவதாகும்.

துருவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. துருப்பிடிக்காது என்று ஜி.ஐ. தகட்டில் செய்யச் சொல்லத் தோன்றும். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டு செய்யும்போது எழும் புகையைச் சுவாசித்தால் வெல்டருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். சாதாரணக் கறுப்புத் தகட்டில் செய்து, வெல்டிங் முடிந்தபின் துத்தநாக பிரைமர் இரண்டு கோட்டும் மேலே எப்பாக்ஸி பெயின்ட்டும் அடித்துக்கொள்ளலாம். கால்வாயின் உட்புறம் தூரிகை நன்றாகப் போகாது. வெல்டு செய்வதற்கு முன்பே பட்டையின் உட்பக்கத்தில், வெல்டு படும் ஓரத்தை விட்டுவிட்டு, பிரைமர் அடித்துவிடச் சொல்லுங்கள். ஸ்பிரிங் மட்டும் எவர்சில்வரில் இருக்கட்டும். தாழ்ப்பாள் கம்பிகளுக்குக் கிரீஸ் தடவலாம். சமையல் எண்ணெய் ஒருபோதும் வேண்டாம். நீலகிரியில் கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெயைத் தேடிக் கரடிகள் கதவை உடைத்துப் போன செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள். எண்ணெய் வாசனை அவ்வளவு இழுக்கும்.

செய்து வாங்குவதற்கு முன் பட்டறையிலேயே சோதித்துப் பாருங்கள். 8 செ.மீ. நீளமுள்ள கம்பியின் நுனியை நகம்போல வளைத்து, எல்லா ஓரங்களிலும் மாட்ட முயலுங்கள். எங்காவது மாட்டி இழுபட்டால் அந்த இடத்தை அடைக்கச் சொல்லுங்கள். கடப்பாரையின் தட்டை முனையை நான்கு மூலைகளிலும் வைத்து நெம்பிப் பாருங்கள். மூடியை ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டால் இரண்டு கம்பிகளும் மாட்டுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் மாட்டி மற்றது நின்றுவிட்டால் கம்பி நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். பிறகு வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரையும், உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரையும் திறந்து மூடச் சொல்லுங்கள். அவர்கள் சிரமப்பட்டால் ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள், கூட்டின் வாயை அகலப்படுத்தாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபின் உணவை உள்ளே வைத்துக் கரடி திறக்கிறதா என்று பார்க்கும் ஆசை வேண்டாம். அது காப்பகத்தில் செய்ய வேண்டிய வேலை.

மூடியின் மேல் ஆணி பதிப்பது, கண்ணாடிச் சில்லு ஒட்டுவது, மின்கம்பி சுற்றுவது என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கரடி, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அதைக் காயப்படுத்துவது குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். காயம்பட்ட கரடி மறுநாள் காலையில் தேயிலை பறிக்கப் போகும் பெண்களின் வழியில் படுத்திருக்கும். மனித உணவுக்குப் பழகிய கரடியின் கதையும் நல்லபடி முடிவதில்லை. கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடுகிறார்கள், பழகிய வாசனை அங்கும் அதை ஏதோ ஒரு வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. உங்கள் மூடி இறுக்கமாக இருப்பது உங்கள் முற்றத்தைவிட அந்தக் கரடிக்குத்தான் அதிகம் உதவும்.

மேடை போட்டு, தகடு வெட்டி, பெயின்ட் காய்ந்து வருவதற்குள் கொஞ்ச காலம் ஆகும். அதுவரை மக்கும் குப்பையை இரவில் வெளியே வைக்காதீர்கள். எண்ணெய் பட்ட காகிதம், பழத்தோல், மீன் இறைச்சிக் கழிவு ஆகியவற்றை மூடியுள்ள வாளியில் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்து, காலையில் வண்டி வரும் நேரத்தில் நேராகக் கையில் கொடுங்கள். தோட்டத்தில் உரக்குழி இருந்தால் சமைத்த உணவைச் சில வாரங்களுக்கு அதில் போடாதீர்கள். பழைய தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். பழகிய கரடி சில இரவுகள் வந்து அந்த இடத்தை மோந்து பார்க்கும். வெளியே வந்து விரட்ட வேண்டாம், சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு விளக்கை எரிய விடுங்கள். பகலில் வனத்துறையின் சரக அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். பக்கத்து வீடுகளிலும் இதே தொட்டியைச் செய்ய முடிந்தால், பட்டறையில் ஒரே அளவில் நான்கைந்தாகச் சேர்த்துக் கொடுங்கள். தகடு வெட்டும் கூலி குறையும், உங்கள் வாசலிலிருந்து விலகிய குரங்கும் கரடியும் அடுத்த வாசலைத் தேடிப் போவதும் நிற்கும்.